தண்ணீர் குடிக்காமல் அருவி பார்க்கிறோம்!

கணவனும் மனைவியும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளியூர் போய் வந்தால் மனசு லேசாகும், வீட்டில் சண்டை சச்சரவு குறையும் என்று பல சகோதரிகள் எழுதுகிறார்கள். ரொம்பச் சரி. அதோடு சேர்த்துப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கூச்சப்பட்டுக்கொண்டு நாம் யாருமே வாய் திறப்பதில்லை. போகிற வழியிலும் போய்ச் சேரும் இடத்திலும் பெண்கள் ஒதுங்க இடம் கிடைப்பது பெரும் பாடாக இருக்கிறது. அருவியில் குளித்தால் ஈரத்துணி மாற்ற ஒரு மறைவு கிடைப்பதில்லை.

நான் கொல்லிமலை எடப்புளி நாட்டில் குடியிருக்கிறேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எங்கள் மலைக்கு வர வேண்டும். சனி, ஞாயிறு வந்தால் காரும் பைக்குமாக ஏறி வரும். ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழா என்றால் கேட்கவே வேண்டாம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஆகாய கங்கையில் குளித்து, மாசிலா அருவி, வாசலூர்பட்டி படகு இல்லம், தாவரவியல் பூங்கா என்று சுற்றிப் பார்க்கிறார்கள். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடியும் வரும், பேரன் பேத்தி எடுத்தவர்களும் வருவார்கள்.

எங்கள் வீடு ரோட்டை ஒட்டி இருக்கிறது. மாசத்தில் நாலைந்து தடவையாவது யாராவது ஒரு பெண் காரை விட்டு இறங்கி வந்து, "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, பாத்ரூம் இருக்குங்களா?" என்று கேட்பாள். கூட வந்த வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்று மலையைப் பார்ப்பார். நான் ஒரு வாளி தண்ணீர் வைத்துக் கொடுப்பேன். வெளியே வந்ததும் அவள் கேட்பது என்ன தெரியுமா? "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா." காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள். வண்டியில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் இருக்கும். குடித்தால் எங்கே போவது என்ற பயம்!

போன வருஷம் மிளகு விற்ற காசில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் பைக்கில் ஏற்காடு போனோம். கல்யாணமாகி 14 வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன முதல் பயணம் அதுதான். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து புளிசாதம் கிளறிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். 70 வளைவு இறங்கி, ராசிபுரம், சேலம் தாண்டி, மறுபடி 20 வளைவு ஏறினோம். ஏரி, அண்ணா பூங்கா, பகோடா பாயின்ட் எல்லாம் பார்த்தோம். மலையிலேயே பிறந்த எனக்கே அந்தக் குளிரும் பூவும் புதுசாக இருந்தது.

ஆனால் ஒரு நாள் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டால், "சாவி இல்லைம்மா" என்றார்கள். இன்னொரு இடத்தில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. நானும் முன்பின் தெரியாத ஓர் அம்மாவும் மாற்றி மாற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இது எந்த ஊர், எந்த இடம் என்று பெயர் சொல்லி யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஏனென்றால் இது ஓர் ஊர்க் கதை இல்லை. படிக்கிற உங்களுக்கும் இப்படி ஒரு கதை கட்டாயம் இருக்கும்.

ஆண்களுக்கு இது புரிவதில்லை. அவர்களுக்கு ரோட்டோரத்தில் ஒரு மரம் போதும். "இப்பத்தானே கிளம்பினோம், அதுக்குள்ளயா? இன்னும் அரை மணி நேரம் பொறுத்துக்க" என்பார்கள். அடக்கி வைப்பதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நீர்க்கடுப்பில்தான் கொண்டு விடும். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு என்பதால் கிருமி சீக்கிரம் உள்ளே ஏறிவிடுகிறது. மாதவிலக்கு நாளாக இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ கஷ்டம் இரண்டு மடங்கு. "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லும் அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும் ஆசை இல்லை என்று நினைக்கிறீர்களா? பாதிப் பேருக்கு இந்தப் பயம்தான்.

மற்ற இடங்களில் எப்படி இருக்கிறது? என் நாத்தனாரின் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறார். வடக்கே லோடு போய் வந்த பழக்கத்தில், ஒரு தடவை நாத்தனாரைக் குலு மணாலிக்கு அழைத்துப் போனார். சுற்றிலும் பனி மலை. மணிகரண் என்ற இடத்தில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் கொதித்துக்கொண்டு வருகிறதாம். அந்தக் கொதியிலேயே அரிசி வேக வைத்து எல்லாருக்கும் சாப்பாடு போடுகிறார்கள். மணாலி பக்கத்தில் வசிஷ்டர் கோயில். அங்கேயும் வெந்நீர் ஊற்று. ஆண்களுக்கு ஒரு தொட்டி, பெண்களுக்குத் தனியாக ஒரு தொட்டி. "யார் பாக்கறாங்களோங்கற பயம் இல்லாம கழுத்து வரைக்கும் தண்ணியில உக்காந்திருந்தேன். இருபது வருஷ இடுப்பு வலி போன மாதிரி இருந்துச்சு" என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்கிறார். வலியைப் போக்கியது வெந்நீர் மட்டும்தானா? அந்தத் தடுப்புச் சுவருக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனிப் பகுதி பிரித்து விட்டிருக்கிறார்களே! மனசு வைத்தால் நம் ஊரிலும் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இது வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். மலை ஊர்களில் ரோட்டோரம் அன்னாசி, பலாச்சுளை, வாழைப்பழம், மிளகு வைத்து விற்பது பெரும்பாலும் பெண்கள்தான். காலையில் கூடையை இறக்கினால் பொழுது சாயும் வரைக்கும் அதே இடம். அவர்களும் தண்ணீர் குடிக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். காரில் வருகிறவளுக்கு ஒரு நாள் கஷ்டம், கூடைக்காரிக்குத் தினமும் கஷ்டம். 2014-இல் தூய்மை இந்தியா திட்டம் வந்த பிறகு வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டச் சொன்னார்கள். நல்ல காரியம். வீட்டை விட்டு வெளியே வந்த பெண்ணைப் பற்றியும் அதே அக்கறையோடு யோசிக்க வேண்டாமா?

கழிப்பறை கட்டிப் பெயர்ப்பலகை வைத்தால் மட்டும் போதாது. கட்டின ஆறே மாசத்தில் பூட்டுத் தொங்குவதை எத்தனை இடத்தில் பார்க்கிறோம்! தினமும் கழுவ ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், உள்ளே தாழ்ப்பாளும் விளக்கும் வேண்டும். இந்தப் பொறுப்பை அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்தால் என்ன? 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்த குழுக்கள் இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. கடன் வாங்கி, வரவு செலவு எழுதி, வங்கியில் கட்டிப் பழகிய பெண்களுக்கு இது ஒரு பெரிய வேலையே இல்லை. ஐந்தோ பத்தோ கட்டணம் வைக்கட்டும். சுத்தமாக இருந்தால் கொடுக்க யாரும் யோசிக்க மாட்டார்கள். அந்தக் காசில் மலைப் பெண்கள் நாலு பேருக்குச் சம்பளம் கிடைக்கும். அங்கேயே நாப்கினும் விற்கலாம். கூடை வைத்து விற்கும் பெண்களிடம் மட்டும் காசு வாங்கக் கூடாது.

அருவிகளிலும் துணி மாற்ற நாலு பக்கம் சுவர், மேலே கூரை, உள்ளே துணி மாட்ட ஓர் ஆணி இருந்தால் போதும். இதற்குக் கோடி கோடியாகச் செலவாகாது. நடைபாதைக்கும் கலர் விளக்குக்கும் செலவு செய்யும்போது இதற்கும் முதலிலேயே கணக்குப் போட வேண்டும். கிராம சபையில் பெண்கள் எழுந்து நின்று கேட்க வேண்டும். வெட்கப்பட்டு நாம் சும்மா இருந்தால், பிரச்சினையே இல்லை என்றுதான் அதிகாரிகள் நினைப்பார்கள்.

மனைவியை அழைத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் எங்கே போடலாம், டிபன் எங்கே சாப்பிடலாம் என்று பார்ப்பது போல, அவள் எங்கே இறங்கலாம் என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அவளாக வாய் விட்டுக் கேட்கும் வரை காத்திருக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களாகவே வண்டியை நிறுத்துங்கள். அருவியில் கும்மாளம் போட்டுவிட்டு அவளை ஈரச்சேலையோடு நிற்க விடாதீர்கள். பெரிய ஓட்டலில் ரூம் போடுவதைவிட இது அவளுக்கு எவ்வளவோ பெரிசு.

அருவிக்கரையில் நின்றுகொண்டு நாக்கு வறளும் நிலைமை நம் பெண் பிள்ளைகளுக்காவது வர வேண்டாம். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஓர் இல்லத்தரசி, எடப்புளி நாடு, கொல்லிமலை.