தண்ணீர்விட்டான்: கொல்லைக்குச் சரி, வயலுக்கு யோசிங்க

சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த தங்கை மகன் ஒரு விதைப் பாக்கெட்டைக் கையில் கொடுத்தான். "மாமா, ஆஸ்பராகஸ். அங்க ஒரு சின்னக் கட்டே நல்ல விலை. நம்ம கொல்லையில போட்டுப் பாருங்க." போட்டேன். நூல் மாதிரி முளைத்தது, அப்படியே நின்றது. குச்சி தடிக்கவே இல்லை. அது குளிர்நாட்டுப் பயிர். பனிக்காலத்தில் மேலே காய்ந்து, வேர் தூங்கி எழுந்து தடித்த குருத்து விடும். அதற்கே இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கணும். தாய்லாந்து, தைவான் போன்ற சூட்டு நாடுகளில் தாய்த்தண்டை விட்டுவைத்து வேறு முறையில் எடுக்கிறார்கள். நமக்கு எதற்கு அந்தப் பாடு?

அதன் பங்காளி நம் வேலியிலேயே இருக்கிறான். தண்ணீர்விட்டான் கிழங்கு. வியாபாரிகள் சதாவரி என்பார்கள். கிளுவை வேலியில் முள்ளோடு ஏறி, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூத்து, சிவப்புப் பழம் விடும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க என் பாட்டி இதைப் பாலில் காய்ச்சித் தருவாள். கறவை மாட்டுக்கும் கொடுப்பாள். (மருந்தாகச் சாப்பிட நினைப்பவர்கள் சித்த மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேங்க்காரன்.)

பேரில்தான் தண்ணீர். நின்ற தண்ணீரை இது தாங்காது. முதல் வருஷம் வயலோரக் களிமண்ணில் நட்டேன். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் தண்ணீர் வடியவில்லை, கிழங்கு கூழாகிவிட்டது. அடுத்த தடவை வீட்டுக்குப் பின்னால் முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்தேன். விதையை ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டும் முளைக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது, பொறுமை வேணும். 12 செடி. ஏற முருங்கைக் கொம்பு. மாசம் ஒரு தடவை ஜீவாமிர்தம், அவ்வளவுதான். 20 மாசம் கழித்து, கொடி மஞ்சளானதும் 9 செடியைத் தோண்டினேன். விரல் விரலாகக் கொத்துக் கொத்தாக 14 கிலோ பச்சைக் கிழங்கு. வேகவைத்து, தோலுரித்து, நடுநரம்பை உருவிக் காயவைத்தால் 2 கிலோகூடத் தேறவில்லை. வீட்டுக்கும் மாட்டுக்கும் அது தாராளம்.

இதுவரைக்கும் சந்தோஷமான கதை. போன ஆடியில் எங்கள் பக்கம் ஒரு ஆள் வந்தார். ஏக்கருக்கு 4,000 கன்று, கன்று 25 ரூபாய். கிழங்கை நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம், ஒப்பந்தம் போடலாம் என்றார். பக்கத்து வயல்காரர் நகைக்கடன் வாங்கத் தயாராகி, தாளை என்னிடம் கொண்டுவந்தார். "நீங்க பேங்க்ல இருந்தவுக, பார்த்துச் சொல்லுங்கண்ணே."

பார்த்தேன். கன்றுக்கு 1 லட்சம் இன்றைக்கே. கிழங்குக்கு விலை மட்டும் அன்றைய நிலவரப்படி. "கம்பெனி நிர்ணயிக்கும் தரத்துக்கு உட்பட்டு" என்று ஒரு வரி. தரம் இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் ஒரு கிலோகூட வாங்க வேண்டியதில்லை. அவர்கள் பக்கம் முன்பணம் என்று ஒரு ரூபாய் கிடையாது. நான் மேனேஜராக இருந்திருந்தால் இந்தத் தாளை நம்பி அவர்களுக்கு ஒரு பைசா கடன் கொடுத்திருக்க மாட்டேன். அப்புறம் நம்ம ஆள் எதற்குக் கொடுக்கணும்? அவர்கள் சம்பாதிப்பது கன்றில், கிழங்கில் இல்லை. 2012-ல் ஈமு கோழியில் பணம் போட்டவர்களுக்கும் குஞ்சை விற்றவர்கள்தான் "நாங்களே வாங்கிக்கிறோம்" என்றார்கள்.

அதோடு 20 மாசம் என்றால் இரண்டு சம்பா போச்சு. நம் களிமண் வயலில் கிழங்கே தங்காது என்பது தனி.

கொள்ளிடக்கரைப் படுகை மணலில் நிலம் வைத்திருப்பவர்கள் செய்யலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் விதை உங்கள் வேலியிலிருந்து வரட்டும். முதலில் பத்துச் செடி. காய்ந்த கிழங்கைக் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ நாட்டு மருந்துக் கடைக்கு நீங்களே கொண்டுபோய், என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் ஏக்கரைப் பற்றிப் பேசுங்கள்.

பக்கத்து வயல்காரர் நகையை வைக்கவில்லை. ஆனால் "வர்ற லட்சுமியை வாசல்லயே தடுத்திட்டீங்க" என்று மனக்குறை. என் பாத்தியிலிருந்து நாலு கன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், பேச்சுதான் இன்னும் சரியாகவில்லை.