வாய்தா அன்று யார் நிற்பார்?

நல்ல வக்கீலைப் பிடிப்பது எப்படி என்று ஒரு கட்டுரையாளர் வகுப்பெடுத்திருக்கிறார். பாடத்தின் சாரம் இதுதான்: பீஸைப் பார்க்காதே, ஊரிலேயே பெரிய சீனியரைப் பிடி, ஜெயித்துத் தருகிறேன் என்பவரை நம்பு, இலவச சட்ட உதவி மையத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. இவர் கோர்ட் படி ஏறியதே இல்லையோ என்ற சந்தேகம் முதல் பத்தியில் வந்தது. கடைசிப் பத்தியில் உறுதியானது.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி மூத்த வழக்கறிஞர் என்று அறிவிக்கப்பட்டவர் வக்காலத்து தாக்கல் செய்ய முடியாது. கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கை வாங்கவும் கூடாது. இன்னொரு வக்கீல் வழியாகத்தான் வாதாட வருவார். ஆக, பிராது எழுதுவதும் வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்பதும் அந்த இன்னொருவர். அவரை எப்படித் தேர்வது? கட்டுரையில் ஒரு வரி கிடையாது. மாப்பிள்ளை யாரென்று விசாரிக்காமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார்.

சரி, அறிவிக்கப்பட்ட சீனியர் இல்லை, வெறும் பெரிய பெயர் என்றே வைத்துக்கொள்வோம். முன்சீப் கோர்ட்டில் உங்கள்மீது ஒரு சொத்து வழக்கு. சம்மன் கிடைத்த 30 நாளில் எதிர்வழக்குரை போட வேண்டும். நீதிபதி மனம் வைத்தால் 90 நாள். பெரியவர் அன்று ஹைகோர்ட்டில். ஜூனியருக்குக் காய்ச்சல். குமாஸ்தா தேதியைக் குறிக்கவில்லை. டவாலி கூப்பிட்டுப் பார்க்கிறார், ஆளில்லை, எக்ஸ்பார்ட்டி. அடுத்து ஒருதலைத் தீர்ப்பு. அதை ரத்துசெய்ய மனுப்போட மறுபடி 30 நாள்தான் கெடு. விஷயம் தெரிந்தால்தானே போடுவீர்கள்? அமீனா வாசலில் வந்து நிற்கும்போது தெரிகிறவர்கள் உண்டு. பெரியவரின் வாதத்திறமைக்கு இதில் வேலையே இல்லை. அவர் வாயைத் திறக்கவே இல்லை.

‘ஜெயித்தால் மட்டும் கொடுங்கள்’ என்பவர்தான் தன்னம்பிக்கை உள்ளவராம். வழக்கின் முடிவை வைத்துக் கூலி பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. முதல் சந்திப்பிலேயே தன் தொழில் விதியை மீறுகிறவரைத்தான் நமக்குச் சிபாரிசு செய்கிறார்.

வக்கீல் ஏமாற்றினால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வேறு தைரியம் சொல்கிறார். அந்தக் கதவை உச்ச நீதிமன்றம் 2024 மே 14-ஆம் தேதி சாத்திவிட்டது. வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. தொழில் ஒழுங்கு மீறல் என்றால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அது வேறு பாதை, வேறு வேகம். அதனால்தான் விசாரணையெல்லாம் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரை அடித்தால் அந்தக் கோர்ட்டில் அவர் நடத்தும் வழக்குகள் வரும். ஆஜராகாததால் தள்ளுபடி என்று ஒன்றிரண்டு இருந்தால் கட்சிக்காரரின் தவறாக இருக்கலாம். வரிசையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பீஸ் பாக்கி இருந்தால் கேஸ் கட்டைத் தரமாட்டார், ஆகவே நடுவில் வக்கீலை மாற்றவே முடியாது என்பதும் பொய்ப் பயம். பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது.

சட்ட உதவி என்றால் கட்டுரையாளருக்கு அன்னதான வரிசை. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை அவர் புரட்டியிருக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது; அது உரிமை. அங்கும் அக்கறையில்லாத வக்கீல்கள் இருக்கிறார்கள்தான். லட்சங்களை வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வராதவர்களைப் பற்றியும் அதே கையோடு அவர் எழுதியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.