கைதட்டுவார் கடமை என்ன?

பொங்கல் விழா மேடையிலும் ஊர்த் திருவிழாப் பந்தலிலும் நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் வந்து பாடும் இரவைக் கண்டவர், தமிழ்மக்கள் இசையை எங்ஙனம் துய்க்கின்றனர் என்பதை நன்கறிவர். பாயும் சாக்கும் விரித்த மண்தரையே அரங்கு. உறுமி உறுமத் தொடங்கியதும் முதியோர் நிமிர்ந்து உட்காருவர். தெம்மாங்கின் முதலடி எழுந்ததும் இளையோர் சீழ்க்கையடிப்பர். பாடகி பாதியில் நிறுத்தினால் மீதியை மகளிர் கூட்டம் முடித்துக் குலவையிடும். தன்னனப் பின்பாட்டை எடுத்துக்கொடுக்க யாரும் வேண்டுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் யாரெனத் தெரியாமலே தோளோடு தோள் உரசிப் பாடுகின்றனர். அங்கே கேட்போரும் பாடுவோரே. இவ்வின்பத்தை வேறெந்த அரங்கும் தமிழனுக்குத் தந்ததில்லை.

இதனைப் 'பாமரர் பாட்டு' என்று மூக்கைச் சுளிக்கும் புலமைச் செருக்கர் இன்றும் உளர். அவர்தம் ஏட்டையே அவர்கள் திருப்பிப் பார்க்கட்டும்! மக்கள் வழங்கிய பண்ணத்திக்குத் தொல்காப்பியம் செய்யுளியலில் இடந்தந்தது. இளங்கோவடிகள் கானல்வரியையும் ஆய்ச்சியர் குரவையையும் குன்றக் குரவையையும் காப்பியத்தின் உயிர்நிலைகளில் வைத்தார். அம்மானையும் ஊசலும் வள்ளையும் அவர் நூலில் ஒலிக்கின்றன. மணிவாசகர் இறைவனைப் பாட எடுத்துக்கொண்ட வடிவங்களோ, பெண்டிர் சுண்ணம் இடித்தும் ஊசலாடியும் சாழல் ஆடியும் பாடிய வடிவங்கள். புலவர் கடன்பெற்றது மக்களிடம். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனை இகழ்வது எவ்வகை அறம்?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. தமிழ்நாட்டு இசைமேடையில் தமிழ் பாடப்பட வேண்டும் என்று கேட்பதற்கே ஓர் இயக்கம் வேண்டியிருந்தது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. தெலுங்கும் வடமொழியுமே இசைக்குரிய மொழிகள் என்று கற்றோர் பலர் மயங்கிக்கிடந்த அக்காலத்தும், நடவு வயலில் நின்ற பெண்ணுக்கு அம்மயக்கம் வந்ததில்லை. தாலாட்டையும் ஒப்பாரியையும் அவள் பிறமொழியில் பாடியதில்லை. மேடையில் இழந்த தமிழிசையைச் சேற்றில் நின்று காத்தவள் அவளே.

அவள் காத்த செல்வத்திற்கு இன்று கேடு செய்வோர் யார்? வெளியார் மட்டுமல்லர், கைதட்டும் கூட்டத்திற்குள்ளேயே அவர்கள் இருக்கின்றனர். இரண்டு பாட்டு முடியுமுன், "அந்தத் திரைப்படப் பாட்டைப் பாடு" என்று ஒருவன் கூவுகிறான். பத்துப்பேர் அவனோடு சேர்கின்றனர். விழாக்குழுவினரும் கண்சாடை காட்டுகின்றனர். வயிற்றுப்பாட்டுக்கு வந்த பாடகர் என்செய்வார்? ஊர் ஊராகத் திரிந்து திரட்டிய பாட்டை மடியில் முடிந்துகொண்டு, திரைப்பாட்டைப் பாடி இறங்குகிறார். மின்னிசைப் பெட்டியின் இரைச்சலில் சொல் மூழ்குகிறது. சொல் மூழ்கினால் பாட்டில் எஞ்சுவது யாது?

"மக்கள் விரும்புவதைத்தானே தருகின்றனர்? காலத்திற்கேற்ப எல்லாம் மாறாதா?" என்பர் சிலர். மாறட்டும்; நாட்டுப்பாட்டு மாறாமல் இருந்ததே இல்லை. பாடுபவர் ஒவ்வொருவரும் தம் ஊரையும் தம் துயரையும் ஓரடி சேர்த்தே பாடினர். அது செடி தளிர்ப்பது போன்ற மாற்றம். செடியைப் பிடுங்கிவிட்டு அவ்விடத்தில் நெகிழிப்பூவை நடுவதையும் மாற்றம் என்றே அழைப்பதா?

மேலும் இப்பாட்டுகளின் வாழிடமே அற்றுவருகிறது. நீரிறைக்கும் பொறி வந்தது, ஏற்றம் போயிற்று, ஏற்றப்பாட்டும் உடன்போயிற்று. நடவுப் பொறியும் அறுவடைப் பொறியும் வந்த வயலில் பாட்டுக்கு வேலையில்லை. உடல்நோவு குறைந்தது நன்றே. அதனை யாரும் குறைகூறார். ஆனால் களத்தை இழந்த பாட்டுக்கு இனி எஞ்சியது மேடை ஒன்றே. அம்மேடையையும் திரைப்பாட்டு கவர்ந்துகொண்டால் அது போய்ச்சேர இடம் ஏது?

சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி அம்மையாரை நினைக்க. வயற்காட்டுக் குரலோடு வானொலிக்கு வந்தார், 1985-இல் வெளிவந்த 'ஆண்பாவம்' திரைப்படத்தில் நடித்துப் பாடினார், 1993-இல் கலைமாமணி விருது பெற்றார், 2025-இல் மறைந்தார். அவர் பெயரைத் தமிழர் அறிந்தது திரைப்படத்தால். திரைப்படம் ஏறாத கருப்பாயிகள் எத்துணைப் பேர் பெயரின்றிப் புதைந்தனர்! நா. வானமாமலை போன்றோர் பாட்டுகளைத் தொகுத்து அச்சேற்றியிராவிடில் இன்றுள்ள பாடகர்க்கும் பல பாட்டுகள் கிட்டியிரா. ஒரு மூதாட்டி கண்மூடும்போது ஒரு நூலகம் எரிகிறது. அதற்குப் புகையும் இல்லை, ஓலமும் இல்லை.

கொடுமை இன்னும் ஒன்று. மேடையில் பறை முழங்கும்வரை துள்ளியாடுகின்றனர். முழக்கம் நின்றதும் பறைஞனின் சாதியைக் கேட்டு, அவனைத் தனியே உட்கார வைத்துச் சோறிடுகின்றனர். இசையைக் காதால் பருகி, இசைத்தவனைக் கையால் தள்ளுபவன் சுவைஞன் ஆகான், அவன் திருடன்!

ஆகவே, கைதட்டும் தமிழரே, கைதட்டோடு கடமை முடியவில்லை. பாடகரிடம் திரைப்பாட்டைக் கேட்பதை விட்டு, 'எங்கள் ஊர் நடவுப்பாட்டைப் பாடுக' என்று கேளுங்கள். பேசிய ஊதியத்தைப் பேரம் பேசிக் குறையாமல், பாடிமுடித்த அன்றே கையில் வையுங்கள். உறுமிக்காரர், தவிற்காரர் பெயர்களையும் விழாத்தாளில் அச்சிடுங்கள். எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுங்கள். நும் ஊர் மூதாட்டியைப் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகள் முன் பாடச் செய்யுங்கள். அவர் பெயரும் ஊரும் குறித்துப் பாட்டைப் பதிந்து வையுங்கள். கைப்பேசி நும் எல்லார் கையிலும் இருக்கிறதே, அஃது எதற்கு?

பாட்டை இழந்த இனம் பேச்சையும் இழக்கும். அடுத்த திருவிழாவில் பாடகி பாதியில் நிறுத்தும்போது, மீதியை முடிக்கும் குரல் நும் மக்களிடம் இருக்க வேண்டும். அது இருக்குமாறு செய்வதே நும் கைதட்டுக்குப் பொருள்!