கோச்சிக் கொப்பி



பிள்ளைகளின் பொருள்களை ஒளித்து வைக்காத தாய் நம்மில் யார்? பரீட்சை நெருங்கினால் கிரிக்கெட் மட்டை அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். நான் ஒளித்து வைத்தது ஒரு கொப்பி. எட்டாம் ஆண்டில் படிக்கும் என் இளைய மகனுடையது. புகையிரதங்களின் படங்கள், எஞ்சின் இலக்கங்கள், நேர அட்டவணைகள் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தான். தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 38 புள்ளிகள் வந்த அன்று, "கோச்சியா சோறு போடப் போகுது?" என்று ஏசி, அந்தக் கொப்பியைப் பறித்து வைத்துவிட்டேன். அவன் அழவில்லை. ஆனால் அதன் பிறகு என்னிடம் கோச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஜப்பானில் தொழில் செய்யும் என் தம்பி, சென்ற விடுமுறைக்கு எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவர் இருப்பது டோக்கியோவுக்கு வடக்கேயுள்ள சைத்தாமா மாகாணத்தில். போன இரண்டாம் நாளே, "ராத்தா, நாளைக்கு மருமகனுக்குரிய நாள்" என்று சொல்லிவிட்டார். ஓமியா நகரிலுள்ள புகையிரத நூதனசாலைக்குத்தான் அந்தப் பயணம். பழைய இரும்பைப் பார்க்க ஒரு முழு நாளா என்று எனக்குச் சலிப்புத்தான். வீட்டிலேயே சோறும் கோழிக்கறியும் சமைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

ஓமியா நிலையத்திலிருந்து இறப்பர்ச் சக்கரத்தில் ஓடும் சிறிய ரயிலில் ஒரே ஒரு தரிப்பிடம். இறங்கினால் நூதனசாலை வாசல். டோக்கியோவின் கந்தாப் பகுதியில் நெடுங்காலம் இருந்த போக்குவரத்து நூதனசாலை 2006இல் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப, 2007 அக்டோபர் 14ஆம் திகதி இது திறக்கப்பட்டது. அக்டோபர் 14 ஜப்பானியருக்குப் புகையிரத தினம். 1872இல் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யொக்கொஹாமாவுக்கும் இடையே முதலாவது பாதை திறக்கப்பட்டதன் நினைவு அது.

உள்ளே நுழைந்ததும் மகன் நேராக ஓர் எஞ்சினிடம் போய் நின்றான். "உம்மா, இதுதான் முதலாம் இலக்கம்!" நம் வீட்டுச் சமையலறைக்குள் அடங்கிவிடும் போலச் சிறிய எஞ்சின். 1871இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தது. ஆரம்பத்தில் எஞ்சின் மட்டுமல்ல, அதை ஓட்டியவர்களும் ஆங்கிலேயரே. 1893இல் கோபே நகரில் ஜப்பானிலேயே ஓர் எஞ்சினைக் கட்டி முடித்தார்கள்.

முதலாம் இலக்க எஞ்சினின் பக்கத்தில் ஒரு தகடு இருந்தது. தம்பி விளக்கிச் சொன்னார். 1911இல் இந்த எஞ்சின் கியூஷு தீவிலுள்ள ஷிமபாரா புகையிரதக் கம்பனிக்குப் போய், அங்கே ஏறத்தாழ இருபது வருடங்கள் உழைத்ததாம். 1930இல் நினைவுச் சின்னமாகப் பாதுகாப்பதற்காக அதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தபோது, பிரிவுத் துயரம் அளவிட முடியாதது என்ற பொருள்பட அந்தக் கம்பனியின் தலைவர் எழுதிப் பதித்த தகடாம் அது. இரும்பைப் பிரிவதற்கே ஒரு பெரிய மனிதர் அப்படி வருந்தியிருக்கிறார். எனக்கு ஒளித்து வைத்த கொப்பி நினைவுக்கு வந்தது. வாய் திறக்கவில்லை.

மண்டபத்தின் நடுவே ஒரு வட்டமான சுழல்மேடை. அதன் மேல் கன்னங்கரேலென்று 'சி57' வகை நீராவி எஞ்சின். அதன் நேர்த்தியான தோற்றத்துக்காக ஜப்பானியர் அந்த வகையைச் 'சீமாட்டி' என்று செல்லமாக அழைக்கிறார்கள். 1975 டிசம்பரில் ஜப்பானிய தேசிய புகையிரதத்தின் கடைசி நீராவிப் பயணிகள் வண்டியை இழுத்துச் சென்றது இதே எஞ்சின்தான். நண்பகலில் மேடை மெல்லச் சுழல, எஞ்சின் ஒருமுறை நீளமாக ஊதியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முதியவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஊதல் அடங்கியதும் மகன் சொன்னான்: "உம்மா, இந்தப் பெரிய சக்கரத்தின் விட்டம் ஒன்றே முக்கால் மீற்றர். உங்களை விட உயரம். ஏழில் இருபத்திரண்டால் பெருக்கினா ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீற்றர் ஓடும். ஒரு கிலோமீற்றர் போக 182 தரம் சுத்தணும்."

நான் திகைத்துப் போனேன். சகோதரிகளே, வட்டத்தின் சுற்றளவு விளங்கவில்லை என்று சொல்லித்தான் அவனுக்கு மேலதிக வகுப்புக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்! பேனையும் இல்லை, கொப்பியும் இல்லை, மனதாலேயே போட்டுவிட்டான். விடவில்லை. "நம்மட நாட்டுத் தண்டவாளம் ஐந்தடி ஆறு அங்குல அகலம் உம்மா. ஜப்பானுடைய பழைய பாதை மூன்றடி ஆறு அங்குலம். சரியா இரண்டடி குறைவு" என்றான்.

அந்தக் குறுகிய பாதைக்குள் ஒரு தந்தையின் கதையும் மகனின் கதையும் இருக்கின்றன. யசுஜிரோ ஷிமா என்ற பொறியியலாளர், குறுகிய பாதையில் வேகமாக ஓட முடியாது, பாதையை அகலமாக்க வேண்டும் என்று வாதாடி வந்தார். அரசாங்கம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டதும் 1919இல் பதவியை விட்டு விலகினார். அவருடைய மகன் ஹிதேயோ ஷிமா 1925இல் புகையிரத சேவையில் சேர்ந்தார். 1955இல் தேசிய புகையிரதத்தின் தலைமைப் பொறியியலாளராகி, டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே அகலப் பாதையில் ஓடும் ஷின்கான்சென் அதிவேக ரயிலை உருவாக்கினார். 1964 அக்டோபர் 1ஆம் திகதி மணிக்கு 210 கிலோமீற்றர் வேகத்தில் அது ஓடத் தொடங்கியது. ஆறரை மணி நேரப் பயணம் நான்கு மணியாகி, அடுத்த வருடம் மூன்று மணி பத்து நிமிடமாகக் குறைந்தது. ஆனால் செலவு மதிப்பீட்டை மீறியதால் எழுந்த சர்ச்சையில் ஷிமா 1963இலேயே விலகியிருந்தார். திறப்பு விழாவை வீட்டிலிருந்து தொலைக்காட்சியில்தான் பார்த்தார்.

அந்த முதல் காலத்து ரயில் பெட்டியொன்று உருண்டை மூக்கோடு அங்கே நிற்கிறது. தொடங்கிய நாள் முதல் இன்று வரை தடம்புரண்டோ மோதியோ அதில் ஒரு பயணியாவது உயிரிழந்ததில்லை. 2004 அக்டோபரில் நியிகாட்டாவில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரயில் தடம்புரண்டது. அப்போதும், உள்ளே இருந்த 150க்கும் மேற்பட்டவர்களில் ஒருவருக்கும் காயமில்லை. பாதுகாப்பவன் அல்லாஹ். ஆனாலும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல் வைக்கச் சொல்லப்பட்டிருக்கிறோம்? கட்டுவது எப்படி என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

ரயிலை ஓட்டிப் பார்க்கும் பயிற்சிக் கூண்டு ஒன்றில் மகனை அமர்த்தினார்கள். எதிரே திரையில் பாதை விரிந்தது. முதல் தடவை நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டான். இரண்டாம் தடவை மேடைக்கு முன்பே நின்றுவிட்டான். நானாக இருந்தால் அதற்குள் இரண்டு ஏச்சு விழுந்திருக்கும். அங்கிருந்த பணியாளரோ சிரித்த முகத்தோடு, கையால் சைகை காட்டி, தடையை எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் தடவை ஏறக்குறையச் சரியான இடத்தில் நிறுத்தினான். அவர் கைதட்டினார்.

ஜப்பானிய ரயில் சாரதிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. சமிக்ஞை விளக்கைப் பார்த்தால் மட்டும் போதாது. விரலை நீட்டிக் காட்டி, வாயாலும் உரக்கச் சொல்ல வேண்டும். கண், கை, வாய், காது நான்கும் சேர்ந்தால் கவனம் தவறாது என்பது அவர்கள் கண்ட உண்மை. ஊர் திரும்பியதிலிருந்து நானும் வெளியே போகுமுன் "கேஸ் அடுப்பு மூடியாச்சு, தண்ணீர்க்குழாய் மூடியாச்சு, கதவு பூட்டியாச்சு" என்று விரல் நீட்டிச் சொல்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பாதி வழியில் திரும்பி ஓடி வரும் வேலை இப்போது இல்லை. நீங்களும் செய்து பாருங்கள்.

சாப்பிடுவதற்கென்று பழைய ரயில் பெட்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் அமர்ந்து எங்கள் சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். பக்கத்தில் கைக்குழந்தையோடும் நாலு வயது மகனோடும் ஒரு ஜப்பானியத் தாய் இருந்தார். அந்தச் சின்னவன் காட்டும் ரயிலின் பெயரையெல்லாம் அவர் பிழையில்லாமல் சொன்னார். பிள்ளைகளின் ஆசைக்காகத் தாங்களும் கற்றுக்கொண்டு ரயில் பிரியர்களான தாய்மாருக்கு ஜப்பானிய மொழியில் தனிப் பெயரே உண்டு என்றார் தம்பி. நான் கற்றுக்கொண்டது என்ன? கொப்பியை ஒளித்து வைக்க மட்டும்தான்.

ளுஹரையும் அஸரையும் பயணச் சலுகைப்படி சேர்த்துத் தொழுவதற்காக வீடு திரும்பும் வழியில் மகனிடம் சொல்லிவிட்டேன். "மகன், உங்கட கொப்பி வீட்டில பத்திரமா இருக்கு. போனதும் தாறேன்."

"தெரியும் உம்மா. உங்கட பட்டுச் சாரிகளுக்கு அடியில."

"தெரிஞ்சுமா எடுக்கல்ல?"

"நீங்க வெச்சதுதானே? நீங்களே தாற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சகோதரிகளே, படிப்பை விட்டுவிட்டு விளையாட விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு பாடம்; பாடம் முடிந்தால் இஷாவுக்கு முன் கோச்சிக் கொப்பி. கணிதத்தைச் சக்கரத்தில் தொடங்கி, புவியியலைப் பாதைகளில் தொடங்கிப் படிக்கிறோம். அடுத்த தவணையில் 38 என்பது 61 ஆனது, அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவர்கள் மனதில் அல்லாஹ் போட்ட நல்ல ஆசையும் அந்த அமானிதத்தில் ஒரு பங்குதான். உங்கள் வீட்டு அலுமாரியில் இப்படி ஏதாவது ஒளிந்திருந்தால், இன்றிரவே எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "இது என்ன, எனக்கும் சொல்லித் தாங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.