செஞ்சிக்கு இரண்டாம் முறை வந்தவள்

‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்: மல்டிவெர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ படம் முடிந்து பாதிப்பேர் சீட்டை விட்டு எழுந்த பிறகு, ஊதா உடையில் ஒரு பெண் வந்து நிற்பாளே, ஞாபகம் இருக்கிறதா? நடித்தவர் சார்லிஸ் தெரான். பாத்திரத்தின் பெயர் க்ளியா. வேறு பரிமாணத்துச் சூனியக்காரி!

பாவம், ரொம்ப நாள் காத்திருந்தவள். மார்வெல் காமிக்ஸில் 1964-லேயே வந்துவிட்டாள். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்தது. தலையே தீயாக எரியும் டொர்மாமு ஆளும் இருள் உலகத்தில் பிறந்து, ஹீரோவுக்கு ஆபத்து என்று எச்சரிக்க ஓடி வருவாள். ஆனால் அவளுக்கு ஒரு பெயர் வைக்கவே இரண்டு வருஷம் ஆனது. ஸ்ட்ரேஞ்ச் இறந்த பிறகு, 2022-ல்தான் அவன் பதவி அவள் கைக்கு வந்து, அவளே நாயகியான தொடர் வெளியானது. 58 வருஷம்!

செஞ்சிப் பக்கத்துப் பாட்டிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வேறு உலகத்திலிருந்து தீ வழியாக வந்த பெண்ணை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். திரௌபதி அம்மன்.

கோட்டை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரி ஏறி, மூச்சு வாங்கி, செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கிறது மேலச்சேரி. திரௌபதி வழிபாட்டின் மூலக் கோயில் அதுதான் என்பது இந்த வட்டாரத்து நம்பிக்கை. ஆல்ஃப் ஹில்டபீடல் என்ற அமெரிக்க அறிஞர் இங்கே வந்து கேட்டுச் சேர்த்ததைத் தடிமனான புத்தகமாகவே எழுதினார், 1988-ல்.

ஊர்க்கதை இப்படிப் போகிறது. பாரதப் போர் முடிந்து வெகுகாலம் கழித்து, செஞ்சியை நூறு தலை அசுரன் ஒருவன் ஆட்டிப்படைத்தான். ராஜா வேண்டிக்கொள்ள, முன்பு துருபதன் வேள்வியில் பிறந்தவள் மறுபடியும் தீயிலிருந்து எழுந்து வந்தாள். இந்தமுறை புருஷர்கள் ஐவரும் சபையில் தலைகுனிந்து நிற்கும் கதை இல்லை. அசுரனை அழித்தவள் அவளே. காவலுக்குப் போத்துராஜா. பல கோயில்களில் முத்தால் ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் அவளுக்குக் காவல் நிற்கிறார்.

செஞ்சி, வல்லம் பக்கத்துக் கிராமங்களில் அக்னி வசந்த விழா நடந்தால் போய்ப் பாருங்கள். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவெல்லாம் கூத்து. கடைசி நாள் படுகளம். துரியோதனன் மண்ணுருவமாக நீட்டிப் படுத்திருப்பான். அவன் தொடையைப் பிளந்து வரும் ‘ரத்தத்தை’ப் பூசித்தான் திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். வேஷம் கட்டியவர் பெரும்பாலும் ஆண்தான். ஆனால் சுற்றி நிற்கும் பெண்கள் கும்பிடுவது அம்மனை. சிலர் அங்கேயே அருள் வந்து ஆடுவார்கள். மாலையில் தீமிதி.

அசுரனின் கடைசித் தலை தரையில் விழக்கூடாது என்று ஒரு வரம் இருந்ததாம். அதனால்தான் போத்துராஜா சிலையின் கையில் ஒரு தலை. இன்னமும் ஏந்திக்கொண்டு நிற்கிறார், அவள் சன்னிதிக்கு எதிரே.