யாரைக் கண்காணிக்கிறது இந்தத் திரை?

2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரத்தில் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா பணியாளர்கள் அமர்ந்தனர். மாத மதிப்பூதியத்தை 7,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாயாக உயர்த்த வேண்டும், பணி ஓய்வின்போது 5 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்பவை அவர்களது முதன்மைக் கோரிக்கைகள். ஊடகங்கள் இத்தொகைகளைப் பற்றியே பேசின. அவற்றின் நடுவே அதிகம் பேசப்படாத கோரிக்கை ஒன்றும் இருந்தது. மதிப்பூதியம் பெறுவதற்கு விதிக்கப்பட்டிருந்த பத்து அளவுகோல்களை நீக்க வேண்டும் என்பதே அது. மார்ச் 17 அன்று, அவர்கள் தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்ட நாளில், அரசு அந்த அளவுகோல்களைக் கைவிட்டது. மதிப்பூதியத்தை உயர்த்துவதற்கோ அக்டோபர் இறுதிவரை ஆயிற்று; அப்போதும் கூடியது 1,000 ரூபாய்தான்.

பணம் கொடுக்கத் தயங்கிய அரசு அளவுகோல்களை அத்தனை விரைவில் விட்டுக்கொடுத்தது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. அவற்றால் நோய்த்தடுப்புக்குப் பெரும்பயன் விளையவில்லை என்பது அளவுகோல்களை வகுத்தோருக்கும் தெரிந்திருக்கக்கூடும். வீடு வீடாகச் செல்லும் பெண் ஒருவரின் உழைப்பு, நிறைவேறிய நிபந்தனைகளின் எண்ணிக்கையாகச் சுருங்கியது; அந்த எண்ணிக்கையே கூலியைத் தீர்மானித்தது. மருத்துவ நிர்வாக மென்பொருள்களின் 'கண்காணிப்பு, அறிக்கை' என்னும் பகுதியும் இதே தடத்தில்தான் வளர்ந்து வந்திருக்கிறது.

'கண்காணி' என்னும் சொல்லைத் தமிழர் எளிதில் கடந்துவிட இயலாது. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கூலிகளின் தலையை எண்ணி, நாளின் முடிவில் கொழுந்தின் எடையைச் சரிபார்த்த கங்காணி அச்சொல்லிலிருந்து பிறந்தவர். நோயைக் கண்காணித்தலும் ஊழியரைக் கண்காணித்தலும் மொழியில் ஒரே சொல்லாக இருப்பதில் தவறில்லை. இரண்டும் ஒரே திரையில், ஒரே எண்ணைக் கொண்டு நடைபெறும்போதுதான் இடர் தொடங்குகிறது.

கேரளத்துக்கு இத்துறையில் நெடிய அனுபவம் உண்டு. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்படும் டிஎச்ஐஎஸ்2 என்னும் கட்டற்ற மென்பொருள் முதன்முதலில் களத்தில் இறக்கப்பட்டது 2006இல், கேரளத்தில். அதன் வேர் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1990களில், வெள்ளையருக்கென்றும் கறுப்பருக்கென்றும் பிரிந்து கிடந்த சுகாதாரக் கணக்குகளை ஒன்றிணைக்கக் கேப் டவுனில் தொடங்கிய முயற்சி அது. நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகம் அதனை வளர்த்தெடுத்தது. தரவு எங்கே பிறக்கிறதோ அங்கேயே முதலில் பயன்பட வேண்டும், மேலிடத்துக்குச் செல்வது அதற்குப் பின்னரே என்பதை அம்முயற்சியினர் முதற்கொள்கையாகக் கொண்டிருந்தனர். நிறவெறி அரசின் கணக்குகள் எப்போதும் மேல்நோக்கி மட்டுமே பாய்ந்தன என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

அக்கொள்கை மென்பொருளோடு கடல் கடந்து வந்ததா என்பது ஐயத்துக்குரியது. துணை மையச் செவிலியர் முன்பு தாய்சேய்ப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, காய்ச்சல் பதிவேடு எனப் பல பேரேடுகளில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினார். கணினி வந்தால் ஒருமுறை எழுதினால் போதும் என்று சொல்லப்பட்டது. நடந்தது வேறு. பேரேடு அப்படியே இருக்க, அதன்மேல் கணினி உள்ளீடு சேர்ந்தது. இனப்பெருக்க, குழந்தை நலத்துக்கு ஒரு தளம், தொற்றுநோய்க்கு ஒன்று, காசநோய்க்கு 'நிக்ஷய்', 2022 முதல் முப்பது வயது கடந்தோரின் வாழ்முறை நோய்களைக் கண்டறிய 'சைலி' செயலி. ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஒரு திரையை வைத்துக்கொண்டது. அத்தனை திரைகளுக்கும் செய்தி தருபவர் பெரும்பாலும் அதே செவிலியர், அதே ஆஷா பணியாளர்.

இந்தத் திரைகள் எதனைக் காட்டுகின்றன, எதனை மறைக்கின்றன என்பதற்கு ஒரு சிறு தொழில்நுட்பச் செய்தி போதும். ஒரு துணை மையத்தின் எல்லைக்குள் இந்த வாரம் எலிக்காய்ச்சல் யாருக்கும் இல்லை. ஊழியர் உரிய கட்டத்தில் 0 என்று இடுகிறார். பக்கத்துத் துணை மையத்தில் ஊழியர் விடுப்பில் இருக்கிறார். கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. முன்னது ஒரு செய்தி. பின்னது செய்தியின் இன்மை. டிஎச்ஐஎஸ்2இல், நிர்வாகி அமைப்பைத் தனியே மாற்றியிருந்தாலன்றி, 0 என்ற மதிப்பு சேமிக்கப்படுவதே இல்லை. தரவுத்தளம் வீணே பெருத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட, பொறியியல் நோக்கில் நியாயமான ஏற்பாடு அது. ஆனால் அட்டவணையில் அவ்விரு துணை மையங்களும் ஒன்றுபோலவே வெறுமையாய் நிற்கும். மாவட்டக் கூட்டுத்தொகையில் இரண்டும் ஒன்றுபோலவே நோயற்ற இடங்களாகக் கரைந்துவிடும். ஜூன் மழையில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் ஒருசேரக் கிளம்பும் ஊரில், 'யாருக்கும் நோயில்லை' என்பதற்கும் 'யாரும் பார்க்கவில்லை' என்பதற்கும் உள்ள தொலைவு ஓர் உயிரின் தொலைவு.

இக்குறையை ஈடுசெய்ய அம்மென்பொருளிலேயே ஒரு வழி உண்டு. படிவத்தை நிரப்பியவர் 'நிறைவு' என்னும் பொத்தானை அழுத்த வேண்டும். வர வேண்டிய படிவங்களில் எத்தனை நிறைவுற்றன, அவற்றுள் எத்தனை உரிய நாளுக்குள் வந்தன என்று மென்பொருள் விழுக்காடு கணக்கிடும். வெற்றிடத்தை அடையாளம் காண உதவும் அருமையான கருவி இது. நடைமுறையில் அது வேறொன்றாகிவிடுகிறது. ஆய்வுக்கூட்டத்தில் பச்சை நிறம் பெற்ற வட்டாரங்கள் பாராட்டப்படுகின்றன. சிவப்பு நிறம் பெற்றவை விளக்கம் தர வேண்டும். "இந்த வார்டில் காய்ச்சல் ஏன் கூடியது?" என்ற கேள்வியைக் காட்டிலும் "இன்னும் ஏன் பதிவேற்றவில்லை?" என்ற கேள்வியே மிகுதியாக எழுகிறது. கேள்வி எதுவோ அதற்கேற்ற விடையைத்தான் களம் தயாரிக்கும். பொத்தான் உரிய நாளில் அழுத்தப்பட்டுவிடும். அதற்கு முன் கட்டங்கள் உண்மையாக நிரம்பினவா என்பதை எந்த நிறமும் சொல்லாது.

2018 மே மாதத்தில் கோழிக்கோட்டில் நிபா கண்டறியப்பட்ட வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. முதல் நோயாளி மே 5 அன்று இறந்தபோது அவருக்கு நிபாச் சோதனை எதுவும் செய்யப்படவில்லை. அன்றைய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் வாரந்தோறும் மூன்று படிவங்கள் மேலே சென்றன: களப்பணியாளர் அறிகுறியை வைத்து நிரப்புவது, மருத்துவர் ஊகத்தின்பேரில் நிரப்புவது, ஆய்வகம் உறுதிசெய்து நிரப்புவது. மூளைக்காய்ச்சலால் நேர்ந்த ஒரு மரணம் அப்படிவங்களில் ஓர் எண், அவ்வளவே. சில நாள்களுக்குப் பின் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொருவர் அதே அறிகுறிகளோடு ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தபோது, அங்கிருந்த மருத்துவர்கள் அதனை முந்தைய மரணத்தோடு இணைத்துப் பார்த்தார்கள். மாதிரி மணிப்பாலுக்குச் சென்றது. புனேயின் தேசிய நச்சுயிரியல் நிறுவனம் உறுதிசெய்தது. அந்தப் பரவலில் 17 பேர் இறந்ததாக அரசு கணக்கிட்டது. நோயை அன்று கண்டுபிடித்தது 'ஒரே வீட்டில் இரண்டாவது ஆள்' என்னும் ஓர்மை. வாராந்தர எண்ணிக்கைப் படிவத்தில் வீடு என்னும் செய்திக்கே இடம் இல்லை.

2021 ஏப்ரலில் நாடெங்கும் விரிந்த ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் இதனை ஓரளவு திருத்தியது. எண்ணிக்கைக்குப் பதிலாக ஒவ்வொரு நோயாளியையும் இடத்தோடு சேர்த்துப் பதிவது அதன் வழி. முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை.

கோவிட் மரணக் கணக்கு இன்னும் கசப்பான பாடம். பெருந்தொற்றின் முதலாண்டில் எந்த மரணம் கோவிட் மரணம் என்பதைத் திருவனந்தபுரத்தில் இருந்த மாநில அளவிலான குழுவே முடிவுசெய்தது. வேறு நோய் இருந்தோர், இறுதிச் சோதனையில் தொற்றில்லை என்று வந்தோர் பலர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். மருத்துவர் ஒருவரும் தன்னார்வலர்கள் சிலரும் உள்ளூர் நாளிதழ்களின் மரண அறிவிப்புகளையும் தொலைக்காட்சிச் செய்திகளையும் தொகுத்து ஒரு மாற்றுக் கணக்கை உருவாக்கினர். 2020 இறுதியில் அது அரசுக் கணக்கை வெகுவாக விஞ்சி நின்றது. நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கம் அரசுத் தரவுத்தளத்தைக் காட்டிலும் நம்பகமானதாயிற்று! 2021 ஜூனில் முறை மாறியது. மருத்துவமனையே இணையவழியில் மரணத்தைப் பதிவுசெய்யவும், மாவட்ட அளவில் முடிவெடுக்கவும் வழி பிறந்தது. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின், அவ்வாண்டு அக்டோபர் முதல் விடுபட்ட பழைய மரணங்கள் ஆயிரக்கணக்கில் பட்டியலில் சேர்ந்தன. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் 50,000 ரூபாய் இழப்பீட்டுக்குத் தகுதியான ஒரு குடும்பம் இருந்தது.

இவ்விரு காலங்களுக்கும் இடையே நோய் மாறவில்லை, இறந்தோரும் மாறவில்லை. பதியும் உரிமையும் முடிவெடுக்கும் உரிமையும் எவரிடம் இருந்தன என்பது மாறியது. மென்பொருள் வாங்கும்போது எத்தனை வகை அறிக்கைகள் கிடைக்கும் என்று கேட்பவர்கள், ஓர் உள்ளீட்டை யார் திருத்தலாம், திருத்தினால் அத்தடயம் எவர் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

2018 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட கேரளத்தின் இ-ஹெல்த் திட்டம் கொள்கையளவில் சரியான திசையில் செல்கிறது. ஓபி சீட்டிலிருந்து மருந்துச் சீட்டு வரை சிகிச்சையின் போக்கிலேயே பதிவு நிகழ்ந்தால், அறிக்கை அதன் துணைவிளைவாகத் தானே உருவாகும். தனியாக ஒருவர் அமர்ந்து நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் வெளியே நூறு பேர் டோக்கனோடு நிற்கும்போது, மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பாரா, பட்டியலில் நோயின் பெயரைத் தேடுவாரா? முதலில் அகப்படும் 'காய்ச்சல்' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்தவரை அழைப்பதே மனித இயல்பு. சுகாதார இயக்ககத்தின் அன்றாட நோய்ப் பட்டியல் ஐயத்துக்குரியவை, உறுதியானவை என்று இரு கூறாகப் பிரித்து வெளியிடப்படுவது இவ்வகையில் நேர்மையான மரபு. அந்த நேர்மை வண்ண வரைபடங்கள் நிறைந்த டாஷ்போர்டுகளிலும் தொடர வேண்டும்.

தனியார் கிளினிக்குகளின் நிலையை விரித்துரைக்கத் தேவையில்லை. அங்கே விற்கப்படும் மென்பொருள்களில் 'அறிக்கை' என்பது பெரும்பாலும் அன்றைய வசூல், மருத்துவர்வாரியாக வருமானம், மருந்து இருப்பு. கேரளத்து மக்களில் பெரும்பகுதியினர் முதலில் செல்வது அங்கேதான் என்பதை மட்டும் மறக்கலாகாது.

இன்னொரு இடைவெளி தமிழருக்கு நெருக்கமானது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. நோயாளிகளின் பாதை அன்றும் இன்றும் மாறவில்லை. மார்த்தாண்டத்திலிருந்தும் குழித்துறையிலிருந்தும் களியக்காவிளை கடந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் மக்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பிக்மி தளத்தில் பதிவான கர்ப்பிணி, பேறுகாலத்தில் திருவனந்தபுரத்தில் சேர்ந்தால், கையிலிருக்கும் காகிதக் கோப்பே அவரது மருத்துவ வரலாறு. குழித்துறைக்காரருக்கு எலிக்காய்ச்சல் உறுதியாவது திருவனந்தபுரத்தில். வடிகாலைச் சீர்செய்து மாத்திரை வழங்க வேண்டியவர்களோ குழித்துறையில் இருக்கிறார்கள். அச்செய்தி எத்தனை நாளில் எல்லையைக் கடக்கிறது என்பதையும் ஒரு மென்பொருள் அளந்து காட்டலாம். அளக்கத்தக்கவை எத்தனையோ இருக்க, ஊழியரின் வருகை நேரமே அளக்கப்படுகிறது.

ஊழியரைக் கண்காணிக்கவே கூடாதா என்னும் மறுப்பு நியாயமானது. பொதுப்பணத்தில் இயங்கும் துறை கணக்குக் காட்டத்தான் வேண்டும்; பூட்டிக் கிடக்கும் துணை மையங்களை மக்கள் அறிவார்கள். அதற்கு வருகைப்பதிவு உண்டு, நேரடி ஆய்வு உண்டு, உள்ளாட்சி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நோய்க்கணக்கை அதற்கான சாட்டையாக்கினால் இரண்டும் கெடும். அதிக நோயைக் கண்டறிந்து சொல்லும் செவிலியர் தன் வட்டாரத்தைச் சிவப்பாக்கிக்கொள்கிறார் என்ற நிலை இருக்கும்வரை, எந்தச் செவிலியரும் கூடுதலாக ஒரு வீட்டின் கதவைத் தட்டமாட்டார்.

கேரளம் இப்போது செய்யக்கூடியது, தான் 2006இல் ஏற்ற கொள்கைக்குத் திரும்புவது. ஓர் ஆஷா பணியாளர் நாற்பது வீடுகளில் கேட்டறிந்ததைச் செயலியில் இட்டால், அன்று மாலையே அவர் கைப்பேசிக்கு அந்த நாற்பது வீடுகளின் பட்டியல் திரும்பி வர வேண்டும்: எவர் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார், எவர் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டும் குடும்ப சுகாதார மையத்துக்குப் போகவில்லை, எந்தத் தெருவில் இந்த வாரம் காய்ச்சல் கூடுதல் என்று. இயக்ககத்துக்குச் செல்லும் கூட்டுத்தொகை மறுநாள் காலையில் போனாலும் கெட்டுவிடாது. இந்த வரிசை அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் நிபந்தனையாக எழுதப்படுமானால், அதனைச் சரிபார்க்க வல்லுநர் குழு தேவையில்லை. தலைமைச் செயலகத்தின் முன் எட்டு மாதங்களுக்கு மேல் அமர்ந்திருந்தவர்களில் எவரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.