கல்லெறியும் முன்



ஒருபாலினத்தவரின் திருமணம் குறித்துக் கிறிஸ்தவர்கள் இன்று பிளவுபட்டு நிற்கின்றனர். 2023 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், அத்தகைய இணையருக்குத் திருவழிபாட்டுச் சடங்கின்றி எளிய ஆசீர் வழங்க இடமளித்தது. எனினும், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்ற படிப்பினையை அது மாற்றவில்லை. ஐரோப்பிய ஆயர்கள் பலர் அதனை வரவேற்றனர். ஆபிரிக்க ஆயர்களுள் பெரும்பாலானோர் ஏற்க மறுத்தனர்.

நம் நாட்டிலோ வினா வேறு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இவ்வுறவைக் குற்றமாக்கியது. அதனைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. ஆயினும் அப்பாராளுமன்றம் அதனை நிறைவேற்றவில்லை. இதற்கு இடமளித்தால் நாளை திருமணமும் வந்துவிடும் என நம்மவர் பலர் அஞ்சுகின்றனர்.

எது திருமணம் என்பது ஒரு வினா; ஒருவரைச் சிறையிலிடலாமா என்பது வேறு வினா. முதலாவதில் உறுதியாய் நின்ற திருத்தந்தை பிரான்சிஸ், இத்தகையோராய் இருப்பது குற்றமன்று என 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தினார். இவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்குமாறு திருச்சபையின் மறைக்கல்வி நூலும் பணிக்கின்றது.

கொட்டகலையின் லயங்களில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்கும் கேட்கும். நம் ஏளனச் சிரிப்பை, வாய் திறக்க அஞ்சும் நம் பிள்ளையொன்றும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை ஆண்டவர் முதலில் கல்லெறியிலிருந்து காத்தார். அதன் பின்னரே இனிப் பாவம் செய்யாதிருக்கும்படி பணித்தார். அவ்வரிசையை மாற்ற நாம் யார்?